அப்பாவின் 1974 புல்லட்: ஒரிஜினலாகவே வைப்பதா, ஓட்டத் தோதாக மாற்றுவதா?

கேள்வி இதுதான்: அப்பா வாங்கிய 1974 மாடல் என்ஃபீல்ட் புல்லட் 350 பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. அதைச் சரிசெய்து ஓட்ட ஆசை. தினமும் ஆபீசுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள், எப்போதாவது திருச்சியிலிருந்து கொல்லிமலை வரை. மெக்கானிக் ஒருவர் 12 வோல்ட், முன்னால் டிஸ்க் பிரேக், இடது கால் கியர், முடிந்தால் செல்ஃப் ஸ்டார்ட் என்று பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். பழைய வண்டிகள் வைத்திருக்கும் நண்பரோ ஒரு நட்டைக்கூட மாற்றாதே என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

இருவரும் இன்ஜினைத் திறந்து பார்ப்பதற்கு முன்பே பேசுகிறார்கள் என்பதுதான் எனக்குத் தோன்றுவது. முதலில் அந்த வண்டியை 1974-ல் எப்படி ஓடியதோ அப்படி ஓட வையுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓட்டுங்கள். அதற்கப்புறமும் எது போதவில்லையோ அதை மட்டும் மாற்றுங்கள். அந்த மாற்றமும் ஸ்பேனரால் கழற்றிப் பழையபடி மாட்டக்கூடியதாக இருக்கட்டும். வெல்டிங், கிரைண்டர், டிரில் மூன்றும் அந்த வண்டியின் சேஸிஸ் பக்கம் போகவே கூடாது. இதுதான் சுருக்கமான பதில். காரணங்கள் கீழே.

ஒரிஜினல் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். புல்லட் பிறந்தது இங்கிலாந்தின் ரெட்டிச்சில். 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவத்துக்காக அங்கிருந்து 350 சிசி வண்டிகள் வரவழைக்கப்பட்டன. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியா உருவானது. திருவொற்றியூரில் முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்துக்குள் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டது, இங்கிலாந்தில் வண்டித் தயாரிப்பே 1970-ல் முடிந்துபோனது. இங்கே வண்டி வந்துகொண்டே இருந்தது. ஆகவே உங்கள் வண்டிக்கு ஒரிஜினல் என்றால் 1974-ல் திருவொற்றியூர் வாசலைத் தாண்டிய நிலை. இங்கிலாந்து கேட்டலாக்கைப் பார்த்து அந்தக் காலத்து ரெட்டிச் பேட்ஜ், அந்த நிறம், அந்த சீட் என்று மாட்டுகிறவர்கள் நிறையப் பேர். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதுவும் டிஸ்க் பிரேக் போடுவதைப் போன்ற ஒரு மாற்றம்தான். திருவொற்றியூர் வண்டிக்கு வெளிநாட்டு வேஷம் போடுகிறோம், அவ்வளவே.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று புல்லட்டுக்கே உரியது. வேறு பழைய வண்டிகளில் பாகம் கிடைக்காது என்பது கவலை. புல்லட்டில் எல்லாம் கிடைக்கும், எல்லாம் பொருந்தும் என்பதுதான் கவலை. இந்த இரும்பு இன்ஜின் வடிவம் 2010 வாக்கில், இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும் யு.சி.இ. இன்ஜின் வரும்வரை ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது. 1998 மட்கார்டு 1974 வண்டியில் உட்காரும். 2005 சைலன்சர் உட்காரும். ஹெட்லைட் டூம், சீட், டூல்பாக்ஸ், ஹேண்டில்பார் எதுவானாலும் சென்னைப் புதுப்பேட்டையிலோ ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலோ வாங்கி மாலைக்குள் மாட்டிவிடலாம். ஒவ்வொரு சர்வீஸிலும் இப்படி ஒன்று, இரண்டு மாறி, கடைசியில் ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் 1974 என்று இருக்கும் வண்டிகள் நம் ஊரில் ஏராளம். பல வருடம் கொட்டகையில் நின்ற வண்டி என்பதால் உங்களுடையது இந்த விபத்திலிருந்து கொஞ்சம் தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. துருப்பிடித்த, நசுங்கிய பழைய மட்கார்டைப் பார்த்ததும் புதிது வாங்கிவிடலாம் என்றுதான் பட்டறையில் சொல்வார்கள். பழைய தகடு புதியதைவிடப் பெரும்பாலும் கனமானது. நல்ல டிங்கரிங் ஆள் ஒருவர் தட்டி எடுத்துவிடுவார். விலை கூடத்தான் ஆகும். நான் பழையதைத்தான் தட்டச் சொல்வேன்.

இதே காரணத்தால்தான் பழைய நட்டு போல்ட்டையும் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். அந்தக் கால புல்லட்டில் நிறைய இடங்களில் பிரிட்டிஷ் இஞ்ச் மரை. கையில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கும். அப்புறம் பைப் ரெஞ்ச், அப்புறம் உளி. கழன்ற இடத்தில் மில்லிமீட்டர் போல்ட்டை வைத்து அடித்து ஏற்றுவார்கள், மரை போய்விடும். மரை போன அலுமினியக் கேஸிங்கைப் பழையபடி ஆக்குவது லேசான வேலை இல்லை. மெக்கானிக்கிடம் இஞ்ச் ஸ்பேனர் செட் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். டைமிங் பக்கத்தில் கிராங்க் முனையில் இருக்கும் வார்ம் நட்டு இடது மரை என்பது அவருக்குத் தெரியுமா என்றும் பேச்சுவாக்கில் கேளுங்கள். எண்ணெய் பம்ப்பைச் சுழற்றுவது அதுதான். தெரியாதவர் அதை வழக்கமான திசையில் இழுத்து மரையைப் பிய்த்துவிடுவார். இந்த ஒரு கேள்வியில் ஆளின் அனுபவம் தெரிந்துவிடும்.

சரி, ஓட்டத் தோதாக மாற்ற வேண்டும் என்று ஏன் தோன்றுகிறது? ஸ்டார்ட் ஆவதில் தகராறு, வெளிச்சம் போதவில்லை, பிரேக் பிடிக்கவில்லை, எண்ணெய் ஒழுகுகிறது. இந்த நான்கில் பெரும்பகுதி தேய்மானத்தின் குற்றம். வடிவமைப்பின் குற்றம் குறைவு. இன்று நாம் ஓட்டிப் பார்க்கும் பழைய புல்லட் எதுவும் புது வண்டியாக இருந்தபோது அப்படி ஓடவில்லை.

ஸ்டார்ட்டிங்கை எடுத்துக்கொள்வோம். ஐடிலிங் நிலையாக நிற்காது, கிக்கர் சில நேரம் திருப்பி அடிக்கும், சூடானால் நின்றுபோகும். உடனே பாயின்ட்டை, அதாவது தீப்பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடர்பு முனையை, தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடச் சொல்வார்கள். பாயின்ட் தட்டுக்கு அடியில் ஆட்டோ அட்வான்ஸ் என்று ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது. இரண்டு எடைகள், இரண்டு ஸ்பிரிங். வேகம் ஏற ஏற எடைகள் வெளியே விரிந்து டைமிங்கை, அதாவது தீப்பொறி வரும் நேரத்தை, முன்னே தள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தாலோ எடைகள் துருவில் சிக்கினாலோ கிக் செய்யும்போதே டைமிங் முன்னால் போய் நிற்கும். முழங்காலைப் பதம் பார்க்கும் அந்தத் திருப்பி அடிப்பு பெரும்பாலும் இதனால்தான். அதைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஸ்பிரிங் மாற்றி, துளி எண்ணெய் விட்டு, பாயின்ட் இடைவெளியை 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். கண்டென்ஸர் ஒன்று நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். கார்புரேட்டர் ஸ்லைடு தேய்ந்து ஓரத்தில் காற்று இழுத்தால் எந்த ட்யூனிங்கும் நிற்காது, அதையும் பாருங்கள். டாப்பெட்டை, அதாவது வால்வுகளின் இடைவெளியை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது வைக்க வேண்டும்: புஷ்ராடை விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இவ்வளவையும் செய்த பிறகும் எலக்ட்ரானிக் இக்னிஷன் வேண்டும் என்று தோன்றினால் போடுங்கள். மூடிக்குள் ஒளிந்துகொள்ளும், கழற்றினால் தடயம் இருக்காது. பழைய தட்டை எண்ணெய்த் தாளில் சுற்றி வைத்துவிடுங்கள்.

எண்ணெய் ஒழுகுவதற்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. கேஸிங் முகங்களைக் கண்ணாடிப் பலகையில் தேய்த்துச் சமப்படுத்தி, நல்ல பேக்கிங் போட்டு, பிரீதர் குழாய் அடைபடாமல் பார்த்துக்கொண்டால் முக்கால்வாசி நிற்கும். மீதிக்கு அடியில் ஓர் அட்டை.

வெளிச்சத்துக்கு மட்டும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கால புல்லட்டின் மின்சாரம் 6 வோல்ட். 35 வாட் பல்பு 6 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட்டில் 3 ஆம்பியர்தான். பச்சை பூத்த ஒரு கனெக்ஷனில் 0.2 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 6 வோல்ட் வண்டியில் அந்த ஒரு இடத்திலேயே 1.2 வோல்ட் போய்விடும், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 12 வோல்ட்டில் 0.6 வோல்ட், இருபதில் ஒரு பங்கு. இப்படி நாலு கனெக்ஷன், ஒரு தேய்ந்த சுவிட்ச், பெயின்ட் மேல் முடுக்கிய எர்த் எல்லாம் சேர்ந்தால் பல்பு மஞ்சளாகத்தான் மினுங்கும். 6 வோல்ட்டுக்குக் கெட்ட பெயர் வந்தது இப்படித்தான். தடிமனான வயரில் புதிய வயரிங், ஹெட்லைட்டுக்குத் தனி எர்த், சுவிட்சில் சுமை விழாமல் ஒரு ரிலே என்று செய்தால் அதே பல்பு வேறு மாதிரி எரியும். வயரிங்கைப் புதிதாகப் போடுவதில் யாரும் தயங்க வேண்டாம். ஐம்பது வருட வயரின் உறை தொட்டாலே உதிரும், தீப்பிடிக்கும். பழைய தோற்றம் வேண்டுமென்றால் புது வயர்களின் மேல் துணி ஸ்லீவ் சுற்றலாம்.

அதற்கு மேலும் இரவில் நெடுஞ்சாலையில் போவீர்கள் என்றால் 12 வோல்ட்டுக்குப் போங்கள், தப்பில்லை. ஸ்டேட்டர், ரெகுலேட்டர், காயில், பேட்டரி, பல்புகள் மாறும். ஆனால் ஹெட்லைட் டூம், அதன் இரண்டு பக்கமும் இருக்கும் சின்ன டைகர் லைட்டுகள், அம்மீட்டர், ஹார்ன் பட்டன் எல்லாம் வெளியே அப்படியே இருக்கும். பின்னால் பழைய டெயில் லாம்ப் கூட்டுக்குள்ளேயே எல்.இ.டி. பல்பு வைத்துக்கொள்ளுங்கள். 6 வோல்ட்டுக்கும் எல்.இ.டி. கிடைக்கிறது. முன்னால் பார்ப்பதைவிடப் பின்னால் வருபவர் நம்மைப் பார்ப்பது முக்கியம் என்பது என் கட்சி. இண்டிகேட்டருக்காக மட்கார்டில் ஓட்டை போடாதீர்கள். கிளாம்ப் போட்டு நம்பர் பிளேட் ஸ்டேயிலும் ஹேண்டில்பாரிலும் நிறுத்தலாம். எக்ஸிபிஷனுக்குப் போகும் அன்று பத்து நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

பிரேக்தான் எல்லோரும் சண்டை போடும் இடம். அந்தக் கால 350-ல் முன்னால் இருப்பது 6 அங்குல டிரம், ஷூவை விரிக்க ஒரே கேம். 2019-லிருந்து 125 சிசிக்கு மேல் விற்கும் ஒவ்வொரு புது பைக்கிலும் சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறது. அந்த பைக் நிற்கிற தூரத்தில் நீங்கள் நிற்க முடியாது. இதை மறைத்து ஒரிஜினல் பெருமை பேசுவது ஆபத்து. ஆனால் நம் பட்டறைகளில் டிரம்முக்குப் புது ஷூ மாட்டும் விதத்தைப் பார்த்தால் அது பிடித்தால்தான் ஆச்சரியம். ஷூவின் வளைவும் டிரம்மின் வளைவும் ஒன்றாக இருக்காது. புது லைனிங் நடுவில் மட்டும் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தொடும். செய்ய வேண்டியது இது. முதலில் டிரம்மை ஸ்போக்கோடு லேத்தில் வைத்து ஓவலை எடுக்க வேண்டும். லைனிங் முழுக்க சாக்பீஸ் தடவி மாட்டி, சக்கரத்தைச் சுற்றி, லீவரை லேசாகப் பிடித்துவிட்டுக் கழற்றுங்கள். சாக் அழிந்த இடம்தான் தொடுகிற இடம். அதை மட்டும் அரத்தால் எடுத்து, மறுபடி சாக், மறுபடி சுற்றல், லைனிங்கின் பெரும்பகுதியில் சாக் அழியும் வரை. பிறகு சக்கரத்தை மாட்டும்போது ஆக்ஸில் நட்டைத் தளர்வாக விட்டு, பிரேக் லீவரை இறுகப் பிடித்துக்கொண்டே முடுக்க வேண்டும். அப்போதுதான் பிரேக் பிளேட் நடுவில் உட்காரும். கேபிள் தடித்ததாக, நெளிவில்லாமல் இருக்க வேண்டும். லீவர் பிடித்த நிலையில் கேபிளுக்கும் கேம் ஆர்முக்கும் இடையே ஏறக்குறைய செங்கோணம் வர வேண்டும். அரை நாள் வேலை. இதைச் செய்யப் பொறுமை இல்லாத பட்டறைதான் டிஸ்க் போடச் சொல்லும்.

இதையும் செய்து, கொல்லிமலை இறக்கத்தை நினைத்து பயம் போகவில்லை என்றால், பின்னாளில் புல்லட்டிலேயே வந்த 7 அங்குல, இரண்டு கேம் உள்ள முன் டிரம்மைச் சக்கரத்தோடு மாற்றிக்கொள்ளுங்கள். அதே குடும்பத்துப் பாகம், பார்வைக்கும் உறுத்தாது, பழைய சக்கரத்தைப் பரணில் வைத்துவிடலாம். டிஸ்க் என்றால் அதற்கென்று வார்த்த ஃபோர்க் கால்களோடு முழு செட்டாக மாற்றுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பழைய ஃபோர்க் காலில் கேலிப்பர் பிடிக்க ஒரு தகட்டை வெல்ட் அடித்து ஒட்டுவதைப் பார்த்தால்தான் வயிறு கலங்கும். பிரேக்கின் முழு விசையும் அந்த வெல்டிங்கில் விழும். ஒரிஜினலும் போச்சு, பாதுகாப்பும் போச்சு.

வலது கால் கியர், இடது கால் பிரேக். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. இதை இடது பக்கம் மாற்ற லிங்கேஜ் கிட் கிடைக்கிறது. நான் போட மாட்டேன். குறுக்கே ஓடும் தண்டிலும் அதன் மூட்டுகளிலும் தளர்வு சேர்ந்து, ஏற்கனவே மெதுவாக மாறும் அந்தக் கியர் பாக்ஸ் இன்னும் குழப்பமாகிவிடும். குதிகாலால் மிதித்தால் நேராக நியூட்ரலுக்குப் போகும் அந்தச் சின்ன லீவரின் சுகமும் கெடும். ஆனால் உங்கள் வீட்டில் தினமும் வேறு பைக் ஓட்டுகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள். நாய் குறுக்கே வரும் நொடியில் கால் பழக்கப்படிதான் போகும். வலது காலை அழுத்தினால் பிரேக் வராது, கியர்தான் மாறும். போக்குவரத்து இல்லாத மைதானத்தில், அனிச்சையாக இடது கால் போகும்வரை பழகிவிட்டுத்தான் ரோட்டுக்கு வர வேண்டும். அதற்கு மனமில்லையென்றால் கிட் போடுவது உயிரோடு இருப்பதற்கான வழி. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இன்ஜினுக்குள்ளே என்ன செய்தாலும் வெளியே தெரியாது. அதனால் அங்கே நான் தாராளம். பழைய புல்லட்டின் கனெக்டிங் ராடு கீழ்முனையில் மிதக்கும் புஷ், அதாவது உருளைகள் இல்லாத வெறும் உலோக வளையம். சுத்தமான எண்ணெயும் நிதானமான வேகமும் இருந்தால் அது நன்றாகவே உழைக்கும். 60, 65-ல் போவதற்குத்தான் அந்த இன்ஜின். 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், சுமார் 18 குதிரைத் திறன். அதை விரட்டிக்கொண்டே போகிறவர்களுக்கு ரோலர் பேரிங் போட்ட ராடு நல்லது. கிராங்க்கை அழுத்திப் பூட்டி நேர் பார்க்கத் தெரிந்த லேத் பட்டறை வேண்டும். கோயம்புத்தூர் பக்கம் அப்படிப்பட்ட கைகள் இன்னும் இருக்கின்றன. பெரிய எண்ணெய் பம்ப் போடலாம். பழையதோ புதியதோ, முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் ராக்கருக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். எண்ணெய் கசிய வேண்டும். கசியவில்லையென்றால் உடனே நிறுத்திவிடுங்கள். ஒன்று மட்டும் கறாராக: இன்ஜின் நம்பர் இருக்கும் கிராங்க் கேஸை மாற்றாதீர்கள். விரிசல் இருந்தாலும் அலுமினியம் வெல்ட் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இப்போதைய இ20 பெட்ரோல் 1974-ல் யாரும் கனவிலும் நினைக்காதது. எத்தனால் பழைய ரப்பரை ஊற வைக்கும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் டேப் சீல், குழாய், கார்புரேட்டர் ரப்பர்களை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றியே ஆக வேண்டும். இதில் ஒரிஜினல் விவாதத்துக்கே இடமில்லை. ஒரு மாதம் ஓட்டப்போவதில்லை என்றால் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். கலவை கொஞ்சம் மெலிந்துபோகும் என்பதால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பாருங்கள். வெளுத்திருந்தால் மெயின் ஜெட் ஒரு அளவு பெரிதாக்கலாம். டயர் 3.25 - 19 அளவிலேயே இருக்கட்டும். தடித்த டயர் போட்டால் மட்கார்டிலும் செயினிலும் உரசும், திருப்பமும் மந்தமாகும். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் என்பதைத் தவிர ஒரு லாபமும் இல்லை.

பெயின்ட் விஷயத்தில் மட்டும் நான் உங்கள் நண்பரின் கட்சி. பல பேர் முதலில் கை வைப்பதே பெயின்ட்டில்தான். டேங்கில் கம்பெனி கறுப்பும் தங்கக் கோடுகளும் எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்று பாருங்கள். அந்தக் கோடுகள் தூரிகையால் கையில் போட்டவை. கிட்டத்தில் பார்த்தால் டேங்கின் வளைவில் கோடு மயிரிழை தடித்து மெலிவது தெரியும், ஆரம்பித்த இடமும் முடிந்த இடமும் சேரும் புள்ளி தெரியும். ஸ்டிக்கர் கோட்டில் அது இருக்காது. பாதிக்கு மேல் இருந்தால் மிதமான சோப்பில் கழுவி, மெழுகு தேய்த்து அப்படியே விடுங்கள். துருப்பிடித்த இடத்தை மட்டும் நிறுத்தினால் போதும். பெயின்ட்டை இரண்டாம் முறையும் அடிக்கலாம், பத்தாம் முறையும் அடிக்கலாம். முதல் பெயின்ட்டை மறுபடி கொண்டுவர முடியாது. அடித்தே ஆக வேண்டிய நிலை என்றால் பவுடர் கோட்டிங்கைச் சேஸிஸுக்குப் போடாதீர்கள். அந்தத் தடிமனில் குத்திய சேஸிஸ் நம்பர் மங்கிவிடும். ஆர்.டி.ஓ. ஆபீசில் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரின்ட் எடுக்கச் சொல்லும்போது 3 எது 8 எது என்று தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும். எமரி தேய்க்கிற பையனிடம் அந்த இடத்தைத் தொடாதே என்று டேப் ஒட்டிக் காட்டுங்கள். அந்த எண் போனால் வண்டியே போனது மாதிரி. குரோம் பிளேட்டிங்கிலும் கவனம். பாலிஷ் சக்கரத்தில் அதிகம் தேய்த்தால் கூர்மையான ஓரங்கள் எல்லாம் உருண்டுபோய்விடும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் உங்கள் வண்டிக்கு 50 வயது ஆகிவிட்டது. 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸிலோ பாடியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் இல்லாமல் ஒரிஜினல் வடிவில் இருக்க வேண்டும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருடத்துக்குச் செல்லும், அதன்பின் மறுபதிவுக்கு 5,000. 'வி.ஏ.' எழுத்துகள் வரும் நம்பர் தருவார்கள். ஏற்கனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வின்டேஜ் பதிவு வாங்கிய வண்டியை வழக்கமான உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பராமரிப்பு, பெட்ரோல் போடப் போவது, இவற்றுக்குத்தான் அனுமதி. ஒரிஜினல் என்ற பட்டம் வேண்டுமா, ஓட்டும் உரிமை வேண்டுமா என்ற உங்கள் கேள்வியை அரசாங்கமே விதியாக எழுதி வைத்திருக்கிறது! உங்களுக்கு ஞாயிறு ஓட்டவும் மலைக்குப் போகவும் வேண்டும். ஆகவே சாதாரண ஆர்.சி.யைப் புதுப்பித்து வையுங்கள். அதிலும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இருக்கிறது: பதிவில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்த விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. வேறு இன்ஜின், வெட்டி நீட்டிய சேஸிஸ் எல்லாம் இதில் மாட்டும். பாயின்ட்டை மாற்றியதற்கோ பல்பை மாற்றியதற்கோ யாரும் கேட்க மாட்டார்கள்.

நான் சொல்லும் இந்த வழி எல்லா வண்டிக்கும் அப்படியே பொருந்தாது. 1983-லிருந்து எஸ்கார்ட்ஸ் ஃபரிதாபாத்தில் செய்த ராஜ்தூத் 350-ஐப் பாருங்கள். யமஹா ஆர்.டி.350-ன் இந்திய வடிவம் அது. ஜப்பானிய வண்டியில் முன்னால் டிஸ்க் இருந்தது. இங்கே டிரம் போட்டுத்தான் விற்றார்கள், வேகத்துக்குக் கொஞ்சமும் போதாத டிரம். அதில் டிஸ்க் மாட்டுகிறவர், நான் ஒரிஜினலுக்குத்தான் திரும்புகிறேன் என்று வாதாடலாம். எந்த ஊர் ஒரிஜினல் என்று கேட்க வேண்டியதுதான். என்னைக் கேட்டால் 30 குதிரைத் திறன் வண்டிக்கு டிஸ்க் சரி. மைசூர் ஜாவா, யெஸ்டிக்குச் செக் நாட்டு வேப் கம்பெனியின் 12 வோல்ட் இக்னிஷன் கிட் வருகிறது. பழைய டைனமோ இருந்த இடத்தில் அப்படியே உட்காரும், மூடியைப் போட்டால் ஒன்றும் தெரியாது. அந்த வண்டிகளின் பழைய மின்சார வேலையோடு மல்லுக்கட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கடைசியாக செல்ஃப் ஸ்டார்ட். அந்த இன்ஜினில் அதற்கு இடமில்லை. போட வேண்டுமென்றால் கேஸிங்கை மாற்ற வேண்டும், அல்லது வெட்ட வேண்டும். நான் ஆரம்பத்தில் சொன்ன கோட்டைத் தாண்டுகிற வேலை, வேண்டவே வேண்டாம். டைமிங் சரியாக இருக்கும் புல்லட்டைக் கிளப்பப் பலம் தேவையில்லை. சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாகக் கீழே தள்ளிக்கொண்டே அம்மீட்டரைப் பாருங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், திறந்ததும் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே சீரான உதை. ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். சி.டி.ஐ. என்ற எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டுவிட்டால் அந்த முள் இந்த வேலையைச் செய்யாது, அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவெடுங்கள். பேட்டரி ஏறாமல் நடுரோட்டில் நின்றாலும் இரண்டு பேர் தள்ளினால் கிளம்பிவிடும் வண்டி இது.

வேலையைத் தொடங்கும் முன் நான்கு பக்கமும், ஒவ்வொரு கேபிள் போகும் வழியும், ஒவ்வொரு வாஷர் இருக்கும் இடமும் தெரிய போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் உள்ள இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பென்சில் பிரின்ட் எடுத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் இங்கே சொன்னபடி போகலாம். ஒத்துப்போகவில்லை என்றால் அந்த இன்ஜின் எப்போது, எங்கிருந்து வந்தது என்று அப்பாவிடமோ அவருடைய பழைய மெக்கானிக்கிடமோ விசாரித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அப்போது ஆர்.டி.ஓ. ஆபீசில் தொடங்க வேண்டியிருக்கும், பட்டறையில் இல்லை.